தொண்டைப் புற்றும் ஒரு வைரசும்



புற்றென்றதும் வெற்றிலை, பாக்கு, சுருட்டு, மது என்போம். வாய்ப்புற்றுக்கு அது சரியே. நம் நாட்டில் அக்கொடுமை இன்னும் ஓயவில்லை. ஆயினும் இவற்றில் ஒன்றையேனும் தொடாதவருக்கும் தொண்டையிலே புற்று வருவதுண்டு. அவர்களுட் பலருக்குக் காரணம் ஹியூமன் பப்பிலோமா வைரசு, சிறப்பாக அதன் 16ஆம் வகை. கருப்பைக் கழுத்துப் புற்றுக்கும் இவ்வைரசே காரணமெனக் கண்டமைக்காக ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றார்.

உடலுறவாற் பரவுவது இது. தொண்டைக்குச் செல்வது பெரும்பாலும் வாய்வழி உறவினால். சபையிலே சொல்லக் கூசும் செய்திதான். கூசி மறைத்தால் நோய்க்கே வசதி. தொற்றியோரிற் பெரும்பாலார் உடல் தானே அதை நீக்கிவிடும். சிலரிடத்து மாத்திரம் ரொன்சில் மடிப்பிலும் அடிநாக்கிலும் தங்கி, உயிரணுவின் காவற்புரதங்களை முடக்கி, பல்லாண்டின் பின் புற்றாக்கும்.

முதற்குறி பலருக்குக் கழுத்திலே நோவில்லாக் கட்டி. நோவில்லையே என்று எண்ணெய் பூசிக் காலங்கடத்துவோர் உளர். மூன்று வாரத்தின் மேலும் அது கரையாவிடின் வைத்தியரிடங் காட்டல் வேண்டும். புகையிலையால் வந்த புற்றிலும் இவ்வகை சிகிச்சைக்கு நன்கு இணங்குவது.

கருப்பைக் கழுத்துப் புற்றைத் தடுக்கவென 2017இல் இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்திற் பாடசாலைச் சிறுமியருக்குச் சேர்க்கப்பட்ட ஊசி இவ்வைரசுக்கானதே. பத்து வயதில் ஏன் என்று சில தாய்தந்தையர் கேட்கின்றனர். தொற்றுமுன் ஏற்றினாற்றான் அது காக்கும். தொற்றிய வைரசைத் துரத்தாது.