வெயில் ஊரின் குளிர்



அமெரிக்காவின் ஃபுளோரிடா என்றாலே வெயில்தான் பலருக்கு நினைவு வரும். அந்த நினைப்பிலேயே ஜனவரியில் ஒர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குக் கிளம்புகிறவர்கள், அரைக்கைச் சட்டைகளாக எடுத்து அடுக்குகிறார்கள். அம்மாதத்தில் அங்கே பகலில் சராசரி 22 டிகிரி செல்சியஸ், இரவில் 10 டிகிரி. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் 27 டிகிரி அடிக்கும் பகலும், 2 டிகிரிக்கு இறங்கும் விடியலும் சேர்ந்து வந்த சராசரி அது. இரண்டும் ஒரே வாரத்தில் வருவதுண்டு.

காரணம், கனடாப் பக்கமிருந்து இறங்கும் குளிர்காற்றை மறிக்க வழியில் குறுக்கு மலை கிடையாது. அது வருவதற்கு முன் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வீசும், புழுங்கும். பிறகு மழை. மழை விட்டதும் காற்று வடமேற்கிலிருந்து வீசத் தொடங்கி, வானம் பளிச்சென்று வெளுக்கும். அந்தத் தெளிந்த வானத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. மேகப் போர்வை இல்லாத வறண்ட இரவில் தரையின் சூடு நிற்காது. 1983, 1985, 1989 ஆண்டுகளின் கடும் உறைபனிகளில்தான் ஒர்லாண்டோவைச் சுற்றியிருந்த ஆரஞ்சுத் தோப்புகள் பெருமளவில் பட்டுப்போயின. மரத்தையே கொல்லும் குளிர் அது.

அதற்காகத் தடிமனான ஒரே கோட்டை எடுத்துப் போனால், மதியம் முழுக்க அதைக் கையில் சுமக்க வேண்டியிருக்கும். பனியன், அதன்மேல் முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஃப்ளீஸ், வெளியே காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம்; இரவு வாணவேடிக்கைக்குக் காத்து நிற்கும்போது மறுபடி போட்டுக்கொள்ளலாம். குடையைவிட மழை அங்கி நல்லது. கூட்ட வரிசையில் இடிக்காது, காற்றையும் தடுக்கும்.

குளிரைவிட நான் அஞ்சுவது ஈரத்துக்கு. டிஸ்னி வேர்ல்டுக்குள் இருக்கும் அனிமல் கிங்டம் பூங்காவில் காளி ரிவர் ராப்பிட்ஸ் என்ற படகுச் சவாரி இருக்கிறது. தொப்பலாக நனைந்து இறங்குகிறவர்கள் உண்டு. நனைந்த ஜீன்ஸ் சீக்கிரம் காயாது. காற்றடிக்கும் மாலையில் குழந்தைகள் நடுங்கிப்போவார்கள். ஆளுக்கொரு ஜோடி காலுறையும், பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுடையும் பிளாஸ்டிக் உறையில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு வானிலை அறிக்கையைப் பார்த்துப் பெட்டியை மூடுங்கள். அங்கே ஃபாரன்ஹீட் கணக்கு. 40 என்று சொன்னால் நம் கணக்கில் 4 டிகிரிதான்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய், அவர்களோடு டிஸ்னி வேர்ல்டுக்கு வரும் தாத்தா பாட்டிகளைப் பற்றி எனக்குத் தனிக் கவலை உண்டு. மற்றவர்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், உடம்பு சூடேறுகிறது. இவர்களோ பைகளைப் பார்த்துக்கொண்டு நிழலில், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். குளிர் முதலில் பிடிப்பது இவர்களைத்தான். மங்கி குல்லா, சால்வை, கம்பளிக் காலுறை மூன்றையும் இவர்களுக்கென்று முதலில் எடுத்து வையுங்கள். உட்காரும் இடத்தையும் வெயில் விழும் பக்கமாகப் பார்த்துக் கொடுங்கள்.