மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள், டாக்டரிடம் மறைக்காதீர்கள்

(ஜும்ஆ தொழுகைக்குப் பின் நடந்த மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



பெரியோர்களே, தாய்மார்களே, மலைக்குப் போய் வருகிற சகோதரர்களே! ஹெபடைடிஸ் சி என்கிற கல்லீரல் நோய்க்கு மாத்திரை சாப்பிடும்போது குடிப்பழக்கம் என்ன செய்யும் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பள்ளிவாசல் பக்கத்தில் நின்றுகொண்டு இந்தப் பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மது ஹராம் என்று தெரியாத பிள்ளை நம் மஹல்லாவில் கிடையாது. தெரிந்தும் குடிக்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். போடிமெட்டைத் தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போகிற சிலர், குளிருக்கென்று தொடங்கி, சம்பள நாளில் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கும் கல்லீரல் இருக்கிறது. அவர்களுக்கும் மனைவி மக்கள் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஹெபடைடிஸ் சி குடிகாரர் நோய் அல்ல. அது ரத்தத்தின் வழியாகத் தொற்றுகிற வைரஸ். உலகத்திலேயே இந்த நோய் மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்று எகிப்து, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்கிற நாடு. நத்தை வழியாகப் பரவும் ஒரு புழு நோய்க்கு 1950-களிலிருந்து 1980-கள் வரை அங்கே ஊர் ஊராக ஊசி போட்டார்கள். ஒரே கண்ணாடி ஊசியைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் பலருக்கும் போட்டதில் லட்சக்கணக்கானோருக்குத் தொற்றியது. ஒரு சொட்டு மது தொடாதவர்கள் அவர்கள். நம் பக்கத்திலும் பழைய காலத்தில் பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஒரே ஊசியைப் பலருக்குப் போடும் இடத்தில் வைத்தியம் பார்த்தவர்கள், இவர்களுக்கெல்லாம் வர வாய்ப்புண்டு. வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போன இடத்தில்தான் பல இளைஞர்களுக்குத் தெரியவே வருகிறது. ஆகவே கல்லீரல் கோளாறு என்றதும் "இவன் ரகசியமாகக் குடித்திருப்பான்" என்று பேசுவதை நிறுத்துங்கள். அது புறம் பேசுவது மட்டுமல்ல, நோயாளியை ஆஸ்பத்திரி வாசலுக்கே போகவிடாமல் செய்கிற வேலை.

இப்போது மருந்துக்கு வருகிறேன். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பு இதற்கு இன்டர்ஃபெரான் என்கிற ஊசிதான். வாரம் ஒன்றாக ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். கூடவே ரிபாவிரின் மாத்திரை. காய்ச்சல், உடம்பு வலி, மனச்சோர்வு எல்லாம் வரும். குடிக்கிறவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள், அவர்களுக்குப் பலனும் குறைவாகவே இருந்தது. அதனால் "ஆறு மாதம் குடிக்காமல் இருந்துவிட்டு வா, பிறகு பார்ப்போம்" என்று டாக்டர்கள் திருப்பி அனுப்பினார்கள். அந்த வார்த்தை இன்னும் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இன்று நிலைமை வேறு. சோஃபோஸ்புவிர், அதோடு டக்ளாடஸ்விர் அல்லது வெல்படஸ்விர். தினம் ஒரு வேளை, பெரும்பாலோருக்கு 12 வாரம், அதாவது 84 நாள். கல்லீரல் மிகவும் கெட்டிருந்தால் கூடுதல் மருந்தோ கூடுதல் நாளோ தேவைப்படலாம். பஞ்சாப் அரசு 2016-இல் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கி, ஏறத்தாழ 48,000 பேருக்குச் சிகிச்சை தந்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமானார்கள்.

குடிக்கிறவருக்கு இந்த மாத்திரை வேலை செய்யுமா? அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் 69,000-க்கும் அதிகமானவர்களின் பதிவுகளைப் பார்த்து 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குடிக்காதவர், கொஞ்சம் குடிப்பவர், அதிகம் குடிப்பவர் என்று பிரித்துப் பார்த்தும் வைரஸ் ஒழிந்த விகிதத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மொத்தத்தில் 100-க்கு 94 பேர் குணமானார்கள். ஆக, குடியை விட்ட பிறகுதான் மாத்திரை என்று காத்திருக்க வேண்டியதில்லை.

உடனே பின்வரிசையில் ஒருவர் சிரிப்பது தெரிகிறது. அவசரப்படாதீர்கள், தம்பி. மாத்திரை வைரஸைத்தான் விரட்டும். சாராயம் கல்லீரலைத் தின்பதை அது தடுக்காது. வைரஸும் மதுவும் ஒரே வீட்டில் இரண்டு பக்கம் வைத்த தீ. ஒன்றை அணைத்துவிட்டு மற்றதில் எண்ணெய் ஊற்றினால் வீடு மிஞ்சாது. கல்லீரல் தழும்பேறிக் கெட்டிப்பட்டுப் போவதை சிரோசிஸ் என்கிறார்கள். வைரஸ் போன பிறகும் குடித்தால் அந்தத் தழும்பு கூடிக்கொண்டே போகும், வயிற்றில் நீர் கோக்கும், ரத்த வாந்தி வரும், புற்றுநோய்க்கும் இடமாகும். இன்னொன்று, ராத்திரி குடித்துவிட்டுப் படுத்தவன் காலையில் மாத்திரையை மறப்பான். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்து பலிக்காமல் போகலாம். விட்டுப்போனதற்குச் சேர்த்து இரண்டாகப் போடவும் கூடாது, டாக்டரைக் கேளுங்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது மறைப்பதைப் பற்றி. நம்மவர் ஒருவரோடு துணைக்குப் போயிருந்தேன். "குடிப்பீர்களா?" என்று டாக்டர் கேட்டார். "நாங்க முஸ்லிம்ங்க" என்று பதில் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தரையைப் பார்த்தார். டாக்டர் அதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அல்லாஹ்வுக்குத் தெரிந்ததை டாக்டரிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று உள்ளபடி சொல்லுங்கள். சாப்பிடுகிற மற்ற மருந்துகளையும் சொல்லுங்கள். வலிப்பு, காசநோய், இதயத் துடிப்பு, வாயுத் தொல்லை இவற்றுக்கான சில மருந்துகள் இந்த மாத்திரையோடு ஒத்துப்போகாது. கீழாநெல்லியும் இதற்கு மருந்தாகாது. இந்த நோயில் பலருக்கு மஞ்சள் காமாலையே தெரியாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குடியை நிறுத்த, அவருக்குத் தெரியாமல் சோற்றில் பொடி கலந்து கொடுக்கிறீர்கள். அப்படி விற்கிற பொடிகளில் என்ன இருக்கிறதென்று விற்பவனுக்கே தெரியாது. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் என்ற மருந்து கல்லீரலைப் பாதிக்கக்கூடியது, அதன் மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்து. வேண்டாம், அம்மா. அதேபோல், வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் தவ்பா செய்து ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரலாம். நிய்யத் நல்லதுதான். ஆனால் டாக்டர் துணையோடு நிறுத்தட்டும்.

ரமலானில் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். தினம் ஒரு வேளை மாத்திரைதானே, இஃப்தாருக்குப் பிறகோ ஸஹரிலோ ஒரே நேரமாக வைத்துக்கொள்ள முடியும். கல்லீரல் கெட்டவர் நோன்பு பிடிக்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இமாமிடம் வாருங்கள்.

2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். தேனி தாண்டி ஆண்டிபட்டி ரோட்டில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போய்க் கேளுங்கள். முதல் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தாலே நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை, ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று இரண்டாவது பரிசோதனை உண்டு. மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து அதையே மறுபடி செய்துதான் குணமானதை உறுதி செய்வார்கள். சிரோசிஸ் வந்தவர்கள் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும்.

பஸ் செலவும், கூட வர ஆளும் அறக்கட்டளை தரும். நோயாளி பெயர் நோட்டீஸ் போர்டில் வராது, கணக்குப் புத்தகத்தில் எண் மட்டும்தான் இருக்கும். அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்பேன். குடிக்கிறவர்களும் வரலாம்.