இலையின் ஈரமும் காட்டின் அபாயமும்

2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் தேதி, மெல்போர்ன் நகரத்தில் வெப்பம் 46.4 டிகிரியைத் தொட்ட அந்தச் சனிக்கிழமையன்று, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மூண்டெழுந்த காட்டுத்தீயில் 173 பேர் மாண்டுபோனார்கள். மூண்டுவிட்ட தீயைக் கண்டறிவதோடு நில்லாமல், எந்தக் காடு பற்றியெரியும் ஸ்திதியில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே அறியும் மார்க்கத்தை, கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டா யெப்ராவும் அவருடைய சகாக்களும் செயற்கைக்கோள்களின் துணைகொண்டு வகுத்திருக்கிறார்கள்.

இதன் சூட்சுமம் இலையிலே இருக்கிறது. ஈரம் நிறைந்த இலையானது, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களில் ஒரு பகுதியைத் தன்னுள்ளிருக்கும் நீரினால் உறிஞ்சிக்கொள்ளும். நீர் வற்ற வற்ற, அதே கதிர்களை அதிகமாகத் திருப்பி அனுப்பும். சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிவரும் டெர்ரா, அக்வா என்னும் செயற்கைக்கோள்களிலுள்ள மோடிஸ் கருவி அந்தப் பிரதிபலிப்பை அளந்து அனுப்ப, அதைக்கொண்டு, 500 மீட்டர் நீள அகலமுள்ள ஒவ்வொரு நிலத்துண்டிலும் தாவரங்களின் ஈரம் அவற்றின் உலர்ந்த எடையில் எத்தனை சதவிகிதம் என்று கணக்கிட்டு, அபாயப் பிரதேசங்களை வரைபடத்தில் குறிக்கிறார்கள். பசுமையாகத் தோன்றும் காடெல்லாம் பத்திரமானதென்று எண்ணிவிடலாகாது என்பதை இவ்வளவு தெளிவாக வேறெதுவும் நமக்கு உணர்த்தியதில்லை என்றே சொல்வேன்.

மேகமும் புகையும் மறைத்த இடத்தில் இக்கருவிக்குப் பார்வையில்லை. மரக்கூட்டத்தின் அடியில் கிடக்கும் சருகின் வறட்சியும் இதற்கு நேரடியாக அகப்படாது. ஆதலால் காற்று, வெப்பம் முதலிய வானிலை விவரங்களையும் சேர்த்தே அதிகாரிகள் முடிவெடுக்க வேண்டும். ஆயினும், கோடைக்கு முன்பே சருகையும் புதரையும் திட்டமிட்டுக் கொளுத்தி அகற்றுகிற வழக்கமுள்ள அந்நாட்டில், எந்தப் பகுதியை எப்போது கொளுத்தினால் தீ கைமீறாது என்று நிர்ணயிப்பதற்கு இந்தப் படம் பேருதவியாகும்.