புரூடர்க் குஞ்சுகளுக்கு வரும் வியாதிகள்

(சேரன்மகாதேவி வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான சொற்பொழிவு)



தாய்க்கோழியுடன் திரியும் குஞ்சுக்குத் தாயின் சிறகே சூடு அளிக்கிறது. விலைக்கு வாங்கும் ஒரு நாள் குஞ்சுக்கோ புரூடர் என்னும் சூட்டுக்கூண்டே தாய். சங்கத்தில் கடன் பெற்று வாங்கிய குஞ்சுகள் மடிந்தால், குஞ்சு போகும், தவணை போகாது. இதை விதியென்று விட்டுவிடலாகாது. குளிர், ஈரம், நெரிசல் ஆகிய மூன்றையும் நீக்கினால் இந்நஷ்டத்தில் பெரும்பகுதியைத் தடுக்கலாம்.

முதல் வாரத்தில் குஞ்சுகளின் மட்டத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் 5 டிகிரி குறைத்து வரலாம். உஷ்ணமானி இல்லாதவர் குஞ்சுகளையே பார்த்தறியலாம். விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர்; விலகி ஓடி வாய் திறந்து இளைத்தால் சூடு அதிகம்; எங்கும் பரவி அமைதியாய் மேய்ந்தால் அளவு சரி. மூலைகளில் குவிந்து நசுங்கி இறவாதபடி தடுப்பு வட்டமாயிருத்தல் நலம். அதற்குப் பத்தமடைக் கோரைப்பாயின் பழந்துண்டே போதும். விளக்கில் படாமல் நிறுத்தி, ஒரு தொகுதி முடிந்ததும் கொளுத்திவிட வேண்டும்.

குளிராலோ, மிகுசூட்டாலோ, நீர் குடியாமையாலோ குஞ்சின் பின்புறத்தில் எச்சம் ஒட்டி அடைத்துக்கொள்வதுண்டு. வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெல்லக் கழுவி, உலர்த்திவிட வேண்டும். பிய்த்து இழுத்தல் கூடாது. தொப்புள் ஆறாமல் வயிறு வீங்கியிருக்கும் குஞ்சுகளை வாங்கும்போதே விலக்குக.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளையும் இப்பகுதியில் உமிக்குக் குறைவில்லை. ஆயினும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்து பூசணம் பிடித்த உமியைப் பரப்பினால், அப்பூசணம் மூச்சில் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். குஞ்சு வாய் பிளந்து மூச்சுக்குத் தவித்து மாளும். மூன்றாம் வாரத்திற்குமேல் காணும் ரத்தக் கழிச்சலுக்கும் ஈர உமியே துணை. எச்சத்திலுள்ள அதன் கிருமி, ஈரத்தில் ஓரிரு நாட்களில் தொற்றும் தன்மை பெறுகிறது. ஆகவே உமியைத் தினமும் கிளறி, தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்ததை உடனே அகற்ற வேண்டும். ரத்தம் கண்டால், மருத்துவர் கூறும் மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுக்கலாம்.

ராணிக்கெட் வியாதிக்கோ மருந்தில்லை. குமாவுன் மலைநாட்டு ராணிக்கெட்டில் 1927-இல் அறியப்பட்டதால் அப்பெயர் பெற்றது. நம் ஜனங்கள் இதனை வெள்ளைக்கழிச்சல் என்பர். புல்லோரம் என்னும் வேறொரு வியாதியிலும் இளங்குஞ்சின் எச்சம் வெளுத்திருக்கும். அது பெரும்பாலும் தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாக வருவது. பரிசோதித்த கோழிகளின் குஞ்சுகளை வாங்குவதே அதற்குக் காப்பு. ராணிக்கெட்டுக்குக் காப்பு, ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ இடும் தடுப்பு மருந்துச் சொட்டு. பின்னர் உரிய காலத்தில் மறுமுறையும் இட வேண்டும். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துக் கொணராவிடில் பயனில்லை. அண்டை வீட்டார் பலர் சேர்ந்து ஒரே நாளில் இட்டால், ஒரு புட்டி வீணாகாது. தெருவெங்கும் காப்பும் உண்டாகும்.

நோயுற்றதை உடனே பிரித்து வையுங்கள். இறந்ததை வாய்க்காலில் எறியாமல் சுண்ணாம்பிட்டு ஆழப் புதையுங்கள். பல குஞ்சுகள் ஒருங்கே மடிந்தால், காரணம் அறியப் புதிதாய் இறந்த ஒன்றைக் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுசெல்லுங்கள். இரவில் ஒருமுறை எழுந்து கூண்டைப் பார்க்கும் குடும்பத்தில் குஞ்சும் நிலைக்கும், கடனும் தீரும்.