சுவரில் இருந்த விரிசல்



பேய்க்கதை என்றாலே கதவு தானாகத் திறப்பதும் விளக்கு அணைவதும்தான் பலருக்கு நினைவில் வரும். திடுக்கிடுவது வேறு, அஞ்சுவது வேறு. திடுக்கிட்டவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் போதும். அச்சத்தை மட்டும் கதையின் முதல் பக்கத்திலேயே விதைத்தாக வேண்டும். இதை ஒரே ஒரு கதையை வைத்துப் பேச நினைக்கிறேன். 1839 செப்டம்பரில் பிலடெல்பியாவின் ‘பர்ட்டன்ஸ் ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் எட்கர் ஆலன் போ எழுதிய ‘அஷர் வீட்டின் வீழ்ச்சி’தான் அது.

தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறார். வீடு விழும் என்று தெரிந்துதான் படிக்கத் தொடங்குகிறோம். அங்குள்ள குடியானவர்கள் கட்டடத்தையும் குடும்பத்தையும் ‘அஷர் வீடு’ என்ற ஒரே பெயரால்தான் சொல்வார்களாம். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘அந்த வீட்டில் பெண் எடுத்திருக்கிறோம்’ என்பவர் செங்கல்லையா சொல்கிறார்? அஷர் குலம் கிளைவிடாமல் ஒற்றைக் கோடாக இறங்கி வந்தது. மிஞ்சியவர்கள் ராடரிக்கும் அவன் சகோதரி மேடலினும்தான். குலத்தின் இந்த ஒற்றைக் கோட்டைச் சொன்ன பிறகே, கூரையிலிருந்து சுவரில் நெளிந்து இறங்கிக் கரிய குளத்தில் மறையும் மெல்லிய விரிசலைக் காட்டுகிறார் போ. அதற்குமேல் ஒரு சொல் இல்லை. ராடரிக்கைக் காண வந்த நண்பனான கதைசொல்லியின் குதிரை வாசலை நோக்கிப் போய்விடுகிறது. முன்னுணர்த்தலும் கருப்பொருளும் இங்கே ஒன்றுதான். விரிசல் இருப்பது சுவரில், பிளக்கப்போவது குலம்.

பிறகு ராடரிக் வரைந்த ஓவியம் வருகிறது. வெளியேற வழியே இல்லாத நீண்ட நிலவறை. அதையும் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறோம்.

கதையின் உயிர் சவப்பெட்டிக் காட்சியில் இருக்கிறது. மேடலின் இறந்துவிட்டாள் என்கிறான் ராடரிக். இரண்டு வாரம் வைத்திருந்து அடக்கம் செய்வதாக ஏற்பாடு. நண்பர்கள் இருவருமே பெட்டியைச் சுமந்து நிலவறைக்கு இறங்குகிறார்கள். அது கதைசொல்லியின் படுக்கையறைக்கு நேர் கீழே இருக்கிறது. மூடியைச் சற்றே விலக்கிப் பார்க்கிறார்கள். முகத்தில் மெல்லிய சிவப்பு, உதட்டில் ஒரு புன்னகை. உடல் விறைத்து உயிர்ப்பு அடங்கிக் கிடக்கும் நோய் அவளுக்கு உண்டென்று முன்பே சொல்லப்பட்டிருக்கிறது. அந்நோயில் இப்படித்தான் இருக்கும் என்று கதைசொல்லியே சமாதானம் சொல்லிக்கொள்கிறான். பிறகு மூடியைத் திருகுகிறார்கள்.

போ எதையும் மறைக்கவில்லை. எல்லாத் தடயங்களும் நம் கண்முன் இருந்தன. நாமும் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனோம். ஏழெட்டு நாள் கழித்துப் புயல் இரவில் கீழிருந்து சத்தம் வரும்போது நடுங்குகிறோமே, பேய்க்கு அஞ்சியா? அந்தத் திருகாணியில் நம் கையும் இருந்ததே என்றுதான்.

ஒரு குறை சொல்லாமல் விட முடியாது. கதைக்குள் கதையாக ‘மேட் டிரிஸ்ட்’ என்ற நூலைக் கதைசொல்லி வாசிக்க, அதில் வரும் ஒவ்வொரு ஒலியும் வீட்டுக்குள் எதிரொலிப்பது எனக்கு நாடக மேடைத் தந்திரமாகவே படுகிறது. விரிசலைப் போல் அடக்கமாகச் செய்தவர், அங்கே முரசு கொட்டிவிட்டார்.

இறுதியில் மேடலின் தன் சகோதரன் மேல் விழுகிறாள், இருவரும் மடிகிறார்கள். ஓடித் தப்பிய கதைசொல்லி திரும்பிப் பார்க்கையில், அந்த விரிசல் வழியே சிவந்த நிலவு தெரிகிறது. வீடு பிளந்து குளத்தில் மூழ்குகிறது.

வீட்டுக்குப் போனதும், கதைசொல்லி குதிரையை விட்டு இறங்கும்வரை உள்ள பக்கங்களை மட்டும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.