மனம் ஊன்றும் வேலை

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், மாணவர்க்குப் பரிசளித்தபின் நிகழ்த்திய சொற்பொழிவு)



பரிசளிப்புக்கும் சிற்றுண்டிக்கும் இடையே பேசுவோனுக்கு வாய்க்கும் நேரம் எவ்வளவு என்பதை நாம் அறியாதவரல்லேம். ஆதலின் முகவுரையை நீட்டாமல் விஷயத்துக்கு வருகின்றோம்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் நம்மவர் ஒருவர் சங்கக் காரியாலயத்துக்கு வந்தார். அவருடைய மகன் நம் சங்கத்தின் உதவிப் பணம் பெற்றுப் பொறியியற் கல்லூரியில் தேறியவன். சென்னையில் நல்ல உத்தியோகம் கிடைத்துப் பதினெட்டு மாதம் பார்த்தான். ஒரு நாள் அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டான். தீய பழக்கம் ஒன்றும் இல்லை. வெயில் ஏறியபின் எழுவான், உண்பான், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். காரணம் கேட்டால், “எதிலும் மனம் பற்றவில்லை, இதெல்லாம் எதற்காக என்று தோன்றுகிறது” என்பானாம். “நாங்கள் அவனுக்கு என்ன குறை வைத்தோம், ஐயா?” என்று சொல்லித் தகப்பனார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்பிள்ளையை வரவழைத்து ஒரு மணி நேரம் உபதேசம் செய்தோம். தாய் தந்தையர் பட்ட பாடு, பாட்டனார் பட்ட கடன், குலத்துக்குச் செய்ய வேண்டிய கடமை என எல்லாவற்றையும் எடுத்துரைத்தோம். அவன் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்து, “சரிங்க ஐயா” என்று சொல்லிப் போனான். மறுநாளும் வெயில் ஏறியபின்னரே எழுந்தான் என்று கேள்வியுற்றோம். அவன் கேட்டது, ‘எதற்காக’ என்னும் வினா. நாம் விடுத்தது, ‘எவ்வளவு கடன்பட்டிருக்கிறாய் பார்’ என்னும் விடை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவன அல்ல என்பது அவன் போனபின் நமக்கு விளங்கிற்று. இன்றைய பேச்சு அந்த வெட்கத்தின் பயனாகும்.

நம் பாட்டனார் காலத்தில் இவ்வினா எழவில்லை. பிறக்கும்போதே விடை வீட்டில் காத்திருந்தது. கருக்கலில் தெருவிற் பாவு நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்துவர். குழந்தை ஏழெட்டு வயதில் தார் சுற்றப் பழகும். மீசை அரும்பும் முன்னே தறிக்குழியில் இறங்கிவிடும். அதில் ஓர் அடிமைத்தனம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. நெய்தவன் ஒருவன், விலை வைத்தவன் வேறொருவன். ஆயினும் சேலை ஒன்று முடிந்து அறுத்து மடிக்கும்போது, இது நம் கையால் ஆயிற்று என்னும் நிறைவு ஒன்றும் உடனிருந்தது. தறியினின்று பிள்ளைகளை விடுவிக்க வேண்டுமென்றே நம் முன்னோர் இச்சங்கத்தைக் கண்டனர்; அரிசி தண்டி விடுதி நடத்தினர். கதவு திறந்தது, பிள்ளைகள் வெளியே வந்தனர். எத்திசையிற் செல்வது என்று அவர்கள் திகைத்து நிற்பது இப்போதைய நிலை. இத்திகைப்பைச் சோம்பல் என்று பெயரிட்டு வைவது முறையன்று. தெரிந்தெடுக்கும் பொறுப்பு நம் குலத்துக்குப் புதிது. அதனாலுண்டாகும் துன்பமும் புதிது.

இங்கே ஒன்று சொல்லிச் செல்வோம். உறக்கமும் உணவும் கெட்டு, உயிரையே வெறுக்கும் அளவுக்குச் சோர்வு முற்றியிருந்தால் அது நோய். அதற்கு வேண்டியவர் மனநோய் மருத்துவர். எம்மைப் போன்ற உபந்நியாசகர் அல்லர். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்று பெற்றோர் தயங்குதல் கூடாது.

இனி, நோக்கம் என்பது ஒருவனுக்கு எப்படி வாய்க்கின்றது? தனியே அமர்ந்து தன்னுள் ஆழ்ந்து தேடினால் கிடைக்கும் என்று பலர் எழுதுகின்றனர். நமக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. நம் நாட்டில் யாவரும் அறிந்த ஒருவருடைய சரிதத்தை எடுத்துக்கொள்வோம்.

டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் சங்கீத வித்துவான். மைந்தருக்கும் இசைப் பயிற்சி உண்டு. தமிழ் படித்து என்ன பயன், வேறு பாஷை கற்கலாமே என்று சொன்னவர்களும் இருந்தனர். அவருக்கோ தமிழைத் தவிர வேறொன்றிலும் மனம் செல்லவில்லை. 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங் கேட்டார். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சிறிது காலம் இசையும் பயின்றார். இலக்கியப் பயிற்சிக்கு அது இடையூறாகும் என்று ஆசிரியர் கருதவே அதனை விட்டார். 1876-ல் பிள்ளையவர்கள் காலமாயினர். 1880-ல், தியாகராச செட்டியாரவர்கள் ஓய்வு பெற்றபோது, அவருடைய முயற்சியால் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியர் பதவி ஐயரவர்களுக்குக் கிடைத்தது. வயது இருபத்தைந்து. நிலையான உத்தியோகம்; ஊரில் மதிப்பு; கற்ற நூல்களோ எண்ணில. நம் காலத்துத் தாய்தந்தையர் ஒரு பிள்ளைக்கு வேண்டுவன யாவும் அவரிடம் இருந்தன. அத்துடன் அமைந்திருந்தால், நல்ல தமிழ்ப் பண்டிதர் ஒருவர் கும்பகோணத்தில் இருந்தார் என்று இரண்டு தலைமுறை சொல்லியிருக்கும். பிறகு அதுவும் மறந்திருக்கும்.

அவ்வாண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் தேதி, கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவினார். ஐயரவர்கள் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அடுக்கினார். கேட்டவர் முகத்தில் வியப்பு ஒன்றும் தோன்றவில்லை. புராணங்களைச் சொன்னார், கம்பராமாயணத்தையும் சொன்னார். அப்போதும் இவ்வளவுதானா என்பதே முதலியாரின் வினாவாயிருந்தது. இவற்றுக்கெல்லாம் மூலமாகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவர் கேட்டார். படித்ததில்லை. அந்நூல் கிடைப்பதே அரிதாயிருந்த காலம் அது.

அன்பர்களே, இவ்விடத்தில் சிறிது நிற்போம். மகாவித்துவானிடம் ஆண்டுக்கணக்காகப் பாடங் கேட்ட ஒருவரை நோக்கி, தமிழாசிரியர் அல்லாத ஓர் உத்தியோகஸ்தர் இங்ஙனம் கேட்கின்றார். நம்மில் எத்தனை பேர் அவ்வீட்டு வாயிலை மறுபடி மிதித்திருப்போம்? ‘நியாயஸ்தலத்தில் இருப்பவருக்குத் தமிழின் அருமை என்ன தெரியும்’ என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருப்போம். ஐயரவர்களுக்கும் அன்று உள்ளம் சோரத்தான் செய்தது. எனினும் அவர் மறுபடி சென்றார். அவர் வாழ்க்கையின் திருப்பம் அம்மறுநடையிலேதான் இருக்கிறது என்பது நம் எண்ணம்.

முதலியாரும் குறைகூறி அனுப்பிவிட்டவர் அல்லர். தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை எடுத்துக் கையில் கொடுத்தார். மேன்மேலும் வரச்சொல்லி உடனிருந்து கேட்டார். நூல் 3,145 செய்யுள் கொண்டது, சமண காவியம். சைவச் சூழலில் வளர்ந்த ஐயரவர்களுக்கு அதன் சமயச் செய்திகள் விளங்கவில்லை. உரையாசிரியராகிய நச்சினார்க்கினியரோ பெயர் சொல்லாமலே பழைய நூல்களிலிருந்து மேற்கோள் காட்டிச் செல்பவர். கற்றதெல்லாம் கையளவும் இல்லையோ என்னும் மலைப்பு உண்டாயிற்று. அப்போதுதான் கும்பகோணத்திலேயே சைனர்கள் வாழ்வதும், அவர்கள் சிந்தாமணியை ஓதி வருவதும் தெரிய வந்தன. அவர் அங்கே சென்ற அன்று ஒரு வீட்டில் தோரணமும் கோலமுமாக இருந்தது. கலியாணமோ என்று எண்ணி வினவியபோது, சிந்தாமணி வாசித்து முடித்ததற்காகவே அக்கொண்டாட்டம் என்றனர். தாம் கேட்டறியாத நூலை ஒரு குடும்பம் விழாவாகப் போற்றுவதைக் கண்ட ஆசிரியருடைய மனநிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் முதலியோரிடம் மாணாக்கராயிருந்து ஐயங்களைத் தெளிந்தார்.

ஏழாண்டு கழித்து, 1887-ல், சீவகசிந்தாமணி அச்சில் வெளிவந்தது. அவ்வுரையிற் கண்ட மேற்கோள்களின் மூலத்தைத் தேடப் புகுந்ததே பின்னைய பதிப்புக்கெல்லாம் வித்தாயிற்று. 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. குறுந்தொகைப் பதிப்பு 1937-ல் வந்தபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு. 1942-ல் காலமாகும் வரையில் அவ்வேலை தீரவில்லை.

ஊக்கம் உண்டானபின் வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருப்போர் பலர். இங்கே நிகழ்ந்தது அதற்கு மாறானது. முதலில் வந்தது வெட்கம், அடுத்து விளங்காமை, அவ்விளங்காமையோடு மல்லுக்கு நின்றதில் பிறந்தது ஊக்கம். முன்னே கற்ற அந்தாதிகளும் வீண்போகவில்லை. அவற்றாற் பண்பட்ட அறிவு இல்லாதிருந்தால் சிந்தாமணியின் ஏட்டைப் பிரித்தும் பயனில்லை. ஆகவே, விருப்பமின்றிப் பொறியியல் படித்தோமே, நான்காண்டு பாழாயிற்றே என்று வருந்தும் பிள்ளைகள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

மற்றொன்று. இச்சரிதத்தில் வருவோரை எண்ணிப் பாருங்கள். கற்பித்தவர் ஒரு பிள்ளை. வேலை வாங்கித் தந்தவர் ஒரு செட்டியார். கேள்வி கேட்டவர் ஒரு முதலியார். ஐயம் தீர்த்தவர் சமணர். ஐயரவர்கள் தம் குலத்தாரிடையே மட்டும் வழி கேட்டிருந்தால் தம் வேலையைக் கண்டடைந்திருப்பாரா? குலச் சங்கத்து மேடையில் நின்று இதைச் சொல்வது பொருத்தமோ என்று சிலர் முகம் சுளிக்கலாம். நம் சங்கம் பிள்ளைகளுக்குத் திண்ணையாக இருக்கட்டும்; சுற்றுச்சுவராக வேண்டா என்பதே நம் விண்ணப்பம்.

பெண்மக்களுக்காக இன்னொரு வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். ஐடா ஸ்கடர் 1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்க மாது. தந்தையார் பாதிரி, வைத்தியருங்கூட. இந்தியாவில் தங்கி ஊழியஞ் செய்வதில் மகளுக்குச் சிறிதும் விருப்பமில்லை. தாயாருக்குத் துணையாகத் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஓரிரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஆண் மருத்துவர் பார்க்க அவர்கள் வழக்கம் இடங்கொடாது. தமக்கோ வைத்தியம் தெரியாது. விடியுமுன் மூன்று பெண்களும் இறந்தனர். வந்த மூவரும் ஒரே குலத்தாரல்லர்; ஒருவர் முகம்மதியர். அந்த அம்மையார் அமெரிக்கா சென்று 1899-ல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-ல் வேலூருக்குத் திரும்பினார். பெண்களுக்கென்று அவர் 1918-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியே இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. நோக்கத்தை அவர் தம்முள்ளே தேடி எடுக்கவில்லை. அது வந்து கதவைத் தட்டிற்று. திறக்கும் இடத்தில் அவர் இருந்தார்.

இப்போது நம் குற்றத்துக்கு வருவோம். இம்மேடையில் இத்தனை ஆண்டு பரிசு கொடுத்திருக்கிறோம். பிள்ளைகளைப் பார்த்து எத்தனை மதிப்பெண், எவ்வூரில் வேலை, சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறோம். முதலியார் கேட்டதைப் போல ஒரு கேள்வியை ஒருவரிடமாவது கேட்டோமா? கேட்டாலும், நூலைக் கையிற் கொடுத்து வாரந்தோறும் வீட்டில் இருந்து கேட்க நமக்குப் பொழுது உண்டா? ஊக்கமில்லை, ஊக்கமில்லை என்று இளைஞர்மேல் பழிசொல்லும் பெரியோர் இதற்கு முதலில் விடை கூற வேண்டும்.

தொடக்கத்திற் சொன்ன பிள்ளையைப் பற்றி அறிய விரும்புவீர்கள். ஐப்பசி மாதத்தில் நம் விடுதியில் மாலைநேரத்துக் கணக்கு வகுப்பு நடத்தும் ஆசிரியர் காய்ச்சலாகப் படுத்துவிட்டார். பத்தாம் வகுப்புப் பையன்கள் பன்னிருவர் சும்மா இருந்தனர். வேறு ஆள் அகப்படாமையால் அவனுக்குச் சொல்லியனுப்பினோம். உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. வேண்டா வெறுப்பாகத்தான் வந்தான். மூன்றாம் நாள், பையன் ஒருவன் பின்னத்தில் திரும்பத் திரும்ப ஒரே பிழையைச் செய்வதைக் கண்டு, அதன் காரணம் யாதென்று நம்மிடமே வந்து கேட்டான். நமக்குத் தெரியவில்லை. இரவெல்லாம் யோசித்து, தறியில் இழை எண்ணும் கணக்கைக் கொண்டு அதை விளக்கும் வழியொன்று கண்டுபிடித்தானாம். ஆசிரியர் குணமாகி வந்தபின்னும் அவன் வருவது நிற்கவில்லை. வேறு உத்தியோகத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறான். இலட்சியம் கிடைத்துவிட்டதா என்று நாம் அவனைக் கேட்கவில்லை. தகப்பனாரையும் கேட்க வேண்டா என்று சொல்லி வைத்திருக்கிறோம். காலையில் நேரத்தோடு எழுந்து விடுகிறான் என்று தாயார் சொன்னார்.

அவ்வகுப்பில் இப்போது பையன்கள் முப்பதுக்கு மேல் ஆகிவிட்டனர். இவர்களுள் நம் குலத்தாரல்லாத அயல் தெருப் பிள்ளைகளும் உண்டு. இங்கிலீஷுக்கு ஒருவரும், விஞ்ஞானத்துக்கு ஒருவரும் தேவைப்படுகின்றனர். கற்பித்துப் பழக்கம் இல்லாதவர்களும் வரலாம். அங்ஙனமே, பிள்ளையொருவனை வாரம் ஒரு மாலை தம் கடையிலோ பட்டறையிலோ அலுவலகத்திலோ உடன் வைத்துக்கொண்டு தாம் செய்யும் வேலையைக் காட்ட இசையும் பெரியோர் எவரேனும் இருப்பின், அவர்களும் தம் பெயரைக் காரியதரிசியிடம் இன்றே கொடுத்துச் செல்ல வேண்டுகிறோம். வாயிலருகே மேசைமேல் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் வைக்கப்பட்டுள்ளன.