வந்த ஊரில் நிலைத்த பெயர்

(சங்கரன்கோவிலில் ஆற்றப்பெற்ற உரை)

 

வேற்றூரில் பிறந்து, வந்த ஊரையே தம் ஊராக்கிக்கொண்டு, பேரன் பேத்திகளை வளர்த்து மறைந்த பாட்டியரை எவ்வாறு நினைவுகூர்வது என்பதே இவ்வுரையின் பொருள். வந்தவாசி, செஞ்சி, ஆரணி வட்டாரச் சிற்றூர்களில் பிறந்த சமணப் பெண்டிர் பலர், குடும்பத்தின் பிழைப்பை முன்னிட்டு ஜினாலயம் இல்லாத தொலைவூர்களில் குடியேறினர். நீரை வடிகட்டிப் பருகுவதும், பொழுது சாயுமுன் உண்பதும், பஞ்ச நமஸ்காரம் சொல்லிக் கண்ணயர்வதும் அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரிடமிருந்து வந்தன? கோயில் அருகில் இல்லாத வீட்டில் பாட்டியே ஆசிரியர், அடுப்படியே பள்ளி.

அத்தகையவர் மறைந்தால் துயரம் பெரிது. ஆயினும் ஜைன அறம் துயரத்துக்கும் ஓர் எல்லை வகுக்கிறது. சோகத்தையும் ஓலமிட்டு அழுவதையும், அசாதா வேதனீயம் என்னும் துன்பம் தரும் வினை உயிரை வந்தடைவதற்குரிய காரணங்களுள் தத்துவார்த்த சூத்திரம் வைத்து எண்ணுகிறது. பிரிந்த உயிர் தன் வினைக்கேற்ற கதியை அடைந்துவிடுகிறது. இங்கிருப்போர் படைக்கும் உணவு அதனைச் சென்று சேர்வதில்லை. அவ்வாறாயின் மறைந்தவர்க்கு இருப்போர் செய்யத்தக்கது ஒன்றும் இல்லையா? இவ்வினாவுக்கு முன்னோர் கல்லிலேயே விடை எழுதி வைத்துள்ளனர். அக்கல் தொலைவில் இல்லை.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கோவில்பட்டிச் சாலையில், ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ளது கழுகுமலை. அதன் பழம்பெயர் அரைமலை. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தையொட்டி, எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில், அம்மலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பெற்றன. அவற்றின் கீழ் உள்ள வட்டெழுத்து வாசகங்கள், திருமேனி செய்வித்தவர் இன்னார், இன்ன ஊரினர், இன்னாருடைய மாணாக்கர் என அறிவிக்கின்றன. அவர்களுள் பெண்கள் பலர். குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் உளர். குரவர் என்னும் சொல்லின் பெண்பால் வழக்கே குரத்தி.

திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்திகள், நால்கூர்க் குரத்திகள் என்னும் பெயர்களை உற்று நோக்குக. ஒவ்வொரு பெயரின் முன்னும் ஓர் ஊர் நிற்கிறது. திருச்சாரணம் என்பது இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறால். அம்மலையிலிருந்து இம்மலைக்கு வரும் வழி நெடிது. அவ்வழியே வந்தவர் வந்த இடத்தில் அறம் செய்தார். தாம் புறப்பட்ட ஊரின் பெயரையும் விட்டுவிடவில்லை. அவர் எக்குடியினர் என்பதை இன்று கூற வல்லார் இலர். ஊரும் அறமும் மட்டும் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக நிற்கின்றன.

சிதறால் மலையிலும் இதே முறையே. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், பேராயிற்குடி அரிட்டநேமி பட்டாரகரின் மாணாக்கியார் குணந்தாங்கிக் குரத்திகள் பகவதிக்குப் பொன் அணிகலன் அளித்த செய்தி அங்குப் பொறிக்கப்பட்டுள்ளது. வடக்கே வந்தவாசி வட்டத்து விடால் கல்வெட்டு மற்றொன்றைக் கூறுகிறது. முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில், குணகீர்த்தி பட்டாரகரின் மாணாக்கியார் கனகவீரக் குரத்தியாரின் பக்கம் நின்ற மாணாக்கியர் நானூற்றுவரைக் காத்து உணவளிப்பதாக அவ்வூரார் உறுதி ஏற்றனர். அபய தானமும் ஆகார தானமும் அங்கே ஒருங்கே நிகழ்ந்தன. செஞ்சிக்கு அண்மையிலுள்ள திருநாதர்குன்றிலோ, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை உள்ளது. மறைந்தவரைப் பற்றி அக்கல் கூறுவன பெயர், நோன்பு, நாட்கணக்கு. புலம்பல் ஒரு சொல்லும் இல்லை.

குரத்தியர் துறவு நெறியினர், பாட்டியர் இல்லறத்தார். இரு நிலைகளும் ஒன்றல்ல. எனினும் அக்கல்வெட்டுகள் பெண்ணை மதித்த முறை இல்லத்துக்கும் உரியதே. எங்கிருந்து வந்தார், யாரிடம் கற்றார், என்ன அறம் செய்தார் என்னும் மூன்றையும் அவை பதிந்து வைத்தன. இன்றைய குடும்ப மரபுப் பட்டியல்களிலோ மருமகளாய் வந்தவர் 'இன்னாரின் மனைவி' என்ற அளவில் நின்றுவிடுகிறார். பாட்டனாரின் பெயர் தலைப்பெழுத்தில் வாழ்கிறது. பாட்டியின் இயற்பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டால், மூன்றாம் தலைமுறை விழிக்கிறது. ஒருவரின் உடல் நீங்குவது வினையின் வழி. அவர் பெயரும் நீங்குவது இருப்போரின் மறதி. முன்னதைத் தடுக்க எவராலும் இயலாது. பின்னதைத் தடுக்க ஓர் ஏடும் எழுதுகோலும் போதும்.

ஆகவே நினைவு நாளில் படத்துக்கு மாலை சூட்டுவதோடு அமையற்க. பாட்டியின் பெயர், பிறந்த சிற்றூர், அவ்வூர் ஜினாலயம், அவர் காத்த நோன்புகள், கற்பித்த தோத்திரங்கள் ஆகியவற்றை வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதுக. அவர் பிறந்த ஊருக்குப் பிள்ளைகளை ஒருமுறையேனும் அழைத்துச் செல்க. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் அவர் உள்ளத்துக்கு உகந்த ஒன்றை அவர் பெயரால் செய்க. அதன் புண்ணியம் செய்பவரையே சாரும். எனினும் அவர் வாழ்வே அவ்வறத்துக்குத் தூண்டுகோல். கழுகுமலையில் திருமேனி செய்வித்தோர் பாறையைத் தேர்ந்தனர். எளிய குடும்பத்துக்கு ஒரு குறிப்பேடு போதும். அதன் முதற்பக்கத்தில், பாட்டியின் பெயருக்கு முன்னே, அவர் பிறந்த ஊரின் பெயர் நிற்கட்டும்.

வாழ்க அறம்! வளர்க அகிம்சை!